ஓரம் இழந்த செதுக்கோவியம்: திப்புவின் மகன்களைக் காட்டும் ஓர் அச்சுப்படி பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு வந்த பொருள், தனியார் சேகரிப்பு ஒன்றில் நெடுங்காலமாகச் சட்டமிட்டு மாட்டியிருந்த, வண்ணம் தீட்டிய செதுக்கோவியம், அதாவது செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து தாளில் எடுத்த அச்சு. ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் முன்னால் தலைப்பாகையும் முத்துமாலையும் அணிந்த இரண்டு சிறுவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் தரப்பிலிருந்து ஓர் ஆவணம் ஒப்படைக்கப்படுகிறது. சுற்றிலும் படை அதிகாரிகளும் மைசூர்த் தரப்பினரும் நிறைந்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக யாரோ எப்போதோ தாளின் நான்கு பக்கங்களையும் கத்தரித்திருந்தார்கள். அதனால் படத்தின் கீழே இருந்திருக்க வேண்டிய தலைப்பு, வரைந்தவர் பெயர், செதுக்கியவர் பெயர், வெளியீட்டு வரி ஆகிய எதுவும் மிஞ்சவில்லை. சட்டத்தின் பின்பலகையில் மட்டும், பழைய மையில் எழுதி ஒட்டிய சிறு சீட்டு ஒன்று இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் பிள்ளைகள் சரணடைந்த காட்சி என்று அது சொன்னது.

உரிமையாளர் கேட்டவை மூன்று: இது உண்மையிலேயே பழைய அச்சா, சீட்டில் உள்ள செய்தி சரியா, தாள் எந்தக் காலத்தில் அச்சேறியது? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அச்சு பழையது, சீட்டில் உள்ள ஆண்டு தவறு, காட்சி 1792ஆம் ஆண்டுக்கு உரியது, ஆனால் இந்தப் படி அச்சேறியது 1800இலோ அதற்குப் பிறகோ. மேலே உள்ள வண்ணத்தில் ஒரு பகுதி அதற்கும் வெகுகாலம் பிந்தியது. இந்த நான்கு விடைகளும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றினாலும் முரண்படவில்லை. அரசியல் நிகழ்வுகளைக் காட்டும் பழைய அச்சுகளைச் சேகரிக்க விரும்பும் ஒருவர் இந்த ஒரு தாளிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டத்தைப் பிரித்துத் தாளைத் தனியே எடுத்த பிறகுதான் எந்தச் சோதனையும் பொருள் உள்ளதாகும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஊகமாகவே முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் பார்த்தபோது, முகங்களும் கைகளும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனவை என்பது தெரிந்தது. அந்தப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசை பிடித்து நிற்கவில்லை. வளைவுகளைத் தொடர்ந்து நெருங்கியும் விலகியும் சென்றன, பெரிதும் சிறிதுமாக இருந்தன, நிழல் ஆழமான இடங்களில் கோடுகளோடு கலந்தன. இது ஸ்டிப்பிள் எனப்படும் புள்ளிச் செதுக்கல் முறை. செப்புத்தகட்டில் அமிலம் தாங்கும் பூச்சின் மேல் ஊசியாலும் பல் சக்கரத்தாலும் புள்ளி குத்தி, அமிலத்தால் அரித்து, பிறகு செதுக்குளியால் ஆழப்படுத்துவார்கள். இக்கால நாளிதழ்ப் படத்தில் காணும் புள்ளிகள் ஓர் ஒழுங்கான வலையின் கண்களில் அமர்ந்திருக்கும். அந்த வலை தென்பட்டால் பொருள் ஒளிப்பட முறையில் எடுத்த நகல், ஐயமில்லை. இந்தத் தாளில் அது இல்லை. ஆழமாக வெட்டிய கோடுகளில் மை மேடாக அமர்ந்திருப்பதும் சாய்வான ஒளியில் தெரிந்தது. தகட்டின் பள்ளத்திலிருந்து அழுத்தத்தால் மையை உறிஞ்சிய தாளில் இந்த மேடு இருக்கும், கல்லச்சில் இராது.

உண்மையான செப்புத்தகட்டு அச்சில், தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளமான தடம் ஒன்று படத்தைச் சுற்றி இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இங்கே தாள் தகட்டுத் தடத்துக்கு உள்ளேயே வெட்டப்பட்டிருந்ததால் அந்தச் சான்று கிடைக்கவில்லை. தடம் இல்லாததை மட்டும் வைத்து ஓர் அச்சைப் போலி என்று ஒதுக்குவது தவறு என்பதற்கும், தடம் இருப்பதை மட்டும் வைத்து நம்புவது அதைவிடப் பெரிய தவறு என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு. பிற்கால நகல்களில் வெற்றுத் தகட்டை அழுத்திச் செயற்கையாகத் தடம் பதிப்பது பழைய வழக்கம்.

மூன்று காட்சிகள், திப்புவின் பிள்ளைகள்

தலைப்பு இல்லாத படத்தில் நிகழ்வை அடையாளம் காண, வரலாற்றில் எத்தனை நிகழ்வுகள் இந்தப் படத்துக்குப் பொருந்தக்கூடும் என்று முதலில் கேட்க வேண்டும். திப்புவின் இரு மகன்கள் ஆங்கிலேயரிடம் வரும் காட்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்படிப்பட்ட காட்சி மூன்று முறை நடந்தது.

மூன்றாம் மைசூர்ப் போரில் 1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநரும் படைத்தலைவருமான காரன்வாலிசின் படை, திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே இருந்த அரண்களைத் தாக்கிப் பிடித்தது. கோட்டைக்குள் முடங்கிய திப்பு, தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர ஒப்புக்கொண்டார். நிபந்தனைகள் நிறைவேறும்வரை இரு மகன்களைப் பணயமாக ஒப்படைக்கவும் இசைந்தார். பாதி நாடு என்றால் தமிழ் வாசகருக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல. திண்டுக்கல்லும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களை உள்ளடக்கிய பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தது இந்த உடன்படிக்கையால்தான். பிப்ரவரி 26ஆம் நாள் ஏறத்தாழப் பத்து வயதான அப்துல் காலிக்கும் எட்டு வயதான முயிசுத்தீனும் வெள்ளி அம்பாரி வைத்த யானைகளில் காரன்வாலிசின் பாசறைக்கு வந்தார்கள். படையில் இருந்த அலெக்சாண்டர் டைரம் 1793இல் லண்டனில் வெளியிட்ட போர் வரலாற்றில் இந்த நாளை நுணுக்கமாக எழுதியிருக்கிறார்: வெண் மஸ்லின் உடை, சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் முத்துச் சரங்கள், பீரங்கி மரியாதை, காரன்வாலிஸ் இருவரையும் தழுவிக்கொண்டது, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் பரிசளித்தது. இன்று காலை வரை என் அரசரின் பிள்ளைகளாக இருந்தவர்கள், இனி உங்களையே தந்தையாகக் கருத வேண்டியவர்கள் என்ற பொருளில் திப்புவின் தூதர் குலாம் அலி கான் பேசியதும் அதில் உள்ளது.

இரண்டாம் காட்சி அடுத்த மாதம் நடந்தது. பணயமாக வந்த அதே சிறுவர்கள், கையொப்பமான இறுதி உடன்படிக்கையைக் காரன்வாலிசிடம் முறைப்படி ஒப்படைத்தார்கள். கம்பெனியோடு சேர்ந்து போரிட்ட ஹைதராபாத் நிஜாமின் பிரதிநிதியும் மராட்டியரின் பிரதிநிதியும் உடன் இருந்தார்கள், ஏனெனில் பங்கு மூவருக்கும் இருந்தது.

மூன்றாம் காட்சி ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தியது. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார், அரண்மனையில் இருந்த இளவரசர்கள் டேவிட் பேர்டின் முன் சரணடைந்தார்கள். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கழித்த அதே பேர்டுதான் அன்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். லண்டன் அச்சுக்கடைகளுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டியிருக்கவில்லை. ஹென்றி சிங்கில்டன் வரைந்த தொடரில் கோட்டைத் தாக்குதல், திப்புவின் கடைசிப் போராட்டம், மகன்களின் சரண் ஆகியவை அடங்கும். கார்டன், ஸ்கியாவொனெட்டி போன்ற செதுக்குநர்கள் அவற்றைத் தகட்டில் ஏற்றினார்கள்.

இனி நம் தாளுக்கு வருவோம். படைத்தலைவரின் மார்பில் நட்சத்திரச் சின்னமும் தோளுக்குக் குறுக்கே நீலப் பட்டையும் இருக்கின்றன. அவை ஆங்கில மன்னர் அளிக்கும் உயரிய கார்ட்டர் விருதின் அடையாளங்கள். காரன்வாலிஸ் அதை 1786இல் பெற்றார், பேர்டு பெற்றதில்லை. காரன்வாலிஸ் 1793இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். சிறுவர்களின் முகமும் உயரமும் பத்து வயதுக்கு உரியவை. 1799இல் அவர்கள் மீசை அரும்பும் பருவத்து இளைஞர்கள். வயதை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் உருக்கத்தைக் கூட்டுவதற்காக 1799ஆம் ஆண்டுக் காட்சியிலும் இளவரசர்களைக் குழந்தைகளாக வரைவதற்கு ஓவியர்கள் தயங்கவில்லை. ஆனால் சின்னமும் வயதும் ஆவணமும் ஒரே திசையைக் காட்டும்போது ஐயத்துக்கு இடம் குறைவு. ஆவணம் இருப்பதால் பிப்ரவரிக் காட்சியும் விலகுகிறது; இது மார்ச் மாதத்து ஒப்படைப்பு. முழு ஓரத்தோடு பொதுச் சேகரிப்புகளில் உள்ள படிகளின் உருவங்களோடு கோடு கோடாக ஒப்பிட்டபோது, மேதர் பிரவுன் வரைந்து டேனியல் ஓர்ம் செதுக்கிய தகடு இதுவே என்பது உறுதியானது.

வரைந்தவர் எங்கே இருந்தார்

மேதர் பிரவுன் 1761இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து, லண்டனில் ஓவியர் பெஞ்சமின் வெஸ்டிடம் பயின்றவர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கூடாரம், குடை, மைசூர்க்காரர்களின் உடை, சிறுவர்களின் முகம் அனைத்தையும் அவர் கேள்வியாலும் கற்பனையாலும் அமைத்தார். அதிகாரிகளின் முகங்களை அடையாளம் தெரியும்படி வைப்பது இவ்வகைப் படங்களின் வணிக இரகசியம்: தன் முகமோ உறவினர் முகமோ இருக்கும் அச்சை வாங்க ஆட்கள் காத்திருந்தார்கள். எதிர்த் தரப்பினரின் முகங்களுக்கு அந்தக் கவலை தேவைப்படவில்லை. நம் தாளை உற்றுப் பார்த்தால், ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் ஒரு தனி மனிதராகவும், மைசூர்த் தரப்பினர் பலரும் ஒரே முகத்தின் சாயல்களாகவும் இருப்பதைக் காணலாம். எனக்கு இது வருத்தம் தரும் கவனிப்பு. ஆனால் இதைக் காணாமல் இந்த அச்சைப் படித்ததாகச் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிராக நிற்பவர் ராபர்ட் ஹோம். 1791 தொடக்கத்தில் சென்னைக்கு வந்திறங்கி, அனுமதி பெற்றுப் படையோடு சேர்ந்து பயணம் செய்தவர். பணயச் சிறுவர்களைக் காரன்வாலிஸ் வரவேற்கும் காட்சியை அவரும் பெரிய ஓவியமாக வரைந்தார். அது இன்று லண்டனின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியத்தின் இடது ஓரத்தில், படத்தாள் உறையைக் கையில் இடுக்கிக்கொண்டு ஹோமே நிற்கிறார்; நான் அங்கே இருந்தேன் என்று தன் கையொப்பத்தைவிட அழுத்தமாகச் சொல்லும் உருவம் அது. மைசூர் நாட்டின் கோட்டைகளையும் மலைகளையும் அவர் வரைந்த காட்சிகள் 1794இல் லண்டனில் செதுக்கோவிய நூலாக வெளிவந்தன. பெங்களூரு போன்ற இடங்களின் அன்றைய தோற்றத்தை அறிய விரும்புவோர் இன்றும் அந்தத் தகடுகளைத்தான் நாடுகிறார்கள்.

ஆனால் நேரில் இருந்தவர் வரைந்தது உண்மை, இல்லாதவர் வரைந்தது பொய் என்று கோடு போட்டுப் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. ஹோமும் வெற்றி பெற்ற படையோடு வந்தவர். அவருடைய ஓவியத்திலும் காரன்வாலிஸ் கனிந்த தந்தையாகவே கை நீட்டுகிறார். 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த தளபதி, பதினோர் ஆண்டுகள் கழித்து இன்னொரு கண்டத்தில் பெருந்தன்மையான வெற்றியாளராகக் காட்சி தருவது லண்டனுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இந்த இரண்டு படங்களும் சேர்ந்து சொல்கின்றன. காட்சியின் நடுவில் போர்க்களம் இல்லை, பிணம் இல்லை. இரண்டு குழந்தைகளும் ஓர் அன்பான கையும் மட்டுமே. பணயம் என்ற கொடுமையை அன்பாக மாற்றிக் காட்டும் வேலையை இந்த அச்சுகள் செய்தன. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள தாமஸ் பாங்க்ஸ் வடித்த காரன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் இதே ஒப்படைப்பே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் தமிழ் நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் நேரில் சென்று பார்த்து, காட்சியின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ளத் தக்க இடம் அதுவே.

எதிர்க்குரல் அன்றும் இருந்தது. 1791 மே மாதத்தில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்துவிட்டு, மழையாலும் தீவனப் பஞ்சத்தாலும் வண்டி மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிய, முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பின்வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் கில்ரே, பருவமழை வந்ததையும் பின்வாங்கலையும் தலைப்பிலேயே சேர்த்து ஒரு கேலிச் சித்திர அச்சு வெளியிட்டார். கோட்டை மேல் நின்று திப்பு இழிவுபடுத்த, காரன்வாலிஸ் ஓடுகிறார். சில மாதங்கள் கழித்து அதே மனிதர் தந்தையாக அச்சில் வருகிறார். பணய இளவரசர்கள் காட்சியைச் சேகரிக்கும் ஒருவருக்கு கில்ரேயின் அச்சு கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து, குறைந்தது நல்ல உருவப்படியாகவாவது. வெற்றிப் படங்களை மட்டும் வரிசையாக மாட்டினால், அவை ஒன்றையொன்று மெய்ப்பிப்பதுபோல் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும்.

இழந்த வரியின் மதிப்பு

கத்தரிக்கோல் எதைக் கொண்டுபோயிற்று என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஓவியரும் செதுக்குநருமான ஹோகார்த்தின் முயற்சியால் 1735இல் வந்த சட்டம், செதுக்கோவியத்துக்குப் 14 ஆண்டுப் பதிப்புரிமை அளித்தது. 1767இல் அது 28 ஆண்டாக நீண்டது. அந்த உரிமை கிடைக்க வேண்டுமானால் உரிமையாளரின் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அக்காலத்து ஆங்கில அச்சின் அடியில் உள்ள சிறு எழுத்துகள் அலங்காரம் அல்ல, சட்ட ஆவணம். வழக்கமாக இடது மூலையில் வரைந்தவர் பெயரோடு பின்க்சிட், வலது மூலையில் செதுக்கியவர் பெயரோடு ஸ்கல்ப்சிட் என்ற இலத்தீன் குறிப்புகள் இருக்கும். நடுவில் தலைப்பும், சில நேரம் யாருக்குப் படைக்கப்பட்டது என்ற வரியும். எல்லாவற்றுக்கும் கீழே நாள், மாதம், ஆண்டு, கடையின் முகவரி. தகடு வேறொரு வெளியீட்டாளர் கைக்குப் போனால், பழைய முகவரியைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொறிப்பார்கள். அந்த மாற்றம்தான் தகட்டின் ஒரு நிலையையும் அடுத்த நிலையையும் பிரிக்கும் அடையாளம். எழுத்துகள் பொறிக்கப்படுவதற்கு முன்பே எடுத்த முன்படிகள் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. ஆகவே எழுத்தில்லாத தாளைக் காட்டி இது எழுத்துக்கு முந்திய முன்படி என்று விற்பவரிடம், ஓரம் எங்கே என்றுதான் கேட்க வேண்டும். முன்படியாக இருந்தால் எழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அந்த இடமே இல்லையென்றால் அது வெட்டப்பட்ட தாள்.

வெளியீட்டு நாளிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கும்: நிகழ்வுக்கும் அச்சுக்கும் இடையே எவ்வளவு காலம் சென்றது என்பது. வெஸ்ட் 1770இல் முடித்த, கியூபெக்கில் தளபதி வுல்ஃப் இறந்த காட்சியை உல்லெட் கோட்டுச் செதுக்கலில் வெளிக்கொணர்ந்தது 1776இல். சாத்தம் பிரபு 1778 ஏப்ரலில் நாடாளுமன்ற மேலவையில் சரிந்து விழுந்ததைக் காப்லி ஓவியமாக்கி, பார்ட்டொலொட்சி அதை அச்சாக்கியபோது 1791 ஆகிவிட்டது. பேர்டு திப்புவின் உடலைக் கண்டெடுத்த காட்சியை டேவிட் வில்கி வரைந்தது 1839இல், ஜான் பர்னெட் அதைச் செதுக்கியது 1843இல். நிகழ்வை நேரில் கண்டவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை. இவற்றோடு ஒப்பிட்டால், ஓர்மின் தகடுகள் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் சந்தைக்கு வந்தது வியப்பான வேகம். அதற்குப் புள்ளிச் செதுக்கல் உதவியது. மெல்லிய தசை நிறத்தைக் காட்ட ஏற்ற முறை, கோட்டுச் செதுக்கலைவிட விரைவானது, ஒரே தகட்டில் பல வண்ண மைகளைத் தடவி அச்சிடவும் இசைவது. செய்தி சூடாக இருக்கும்போதே விற்க வேண்டும் என்ற அவசரம் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறது.

தாள் சொன்ன ஆண்டு

வெளியீட்டு வரி இருந்திருந்தாலும் அது தகடு முதலில் வெளிவந்த நாளை மட்டுமே சொல்லியிருக்கும். இந்தப் படி அச்சேறிய நாளை அல்ல. செப்புத்தகடு விற்பனைக்கு உரிய சொத்து. நன்றாக ஓடிய தகட்டைத் தேவை எழும்போதெல்லாம் மறுபடி மை தடவி அச்சிட்டார்கள். ஆகவே தாளைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒளிப்பலகையின் மேல் வைத்தபோது, பழைய சல்லடைக் கம்பிகளின் வரிகள் இல்லாத சீரான தாள் என்பது தெரிந்தது. நெய்த கம்பி வலையில் வார்க்கும் இவ்வகைத் தாள் 1750களில் இங்கிலாந்தில் உருவானது. கீழ் விளிம்பை ஒட்டி, பாதி வெட்டுப்பட்ட நீர்க்குறி ஒன்று தென்பட்டது: வாட்மன் என்ற ஆங்கிலத் தாள் ஆலையின் பெயரின் கடைசி எழுத்துகளும், அவற்றின் கீழே 18 என்று தொடங்கி வெட்டில் மறையும் ஆண்டெண்ணும். ஏற்றுமதித் தாளுக்கு வரி திரும்பப் பெறுவதற்காக 1794 முதல் ஆங்கில ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டைச் சேர்க்கத் தொடங்கின. ஆண்டு பொறித்த வாட்மன் தாள்கள் அதற்குப் பிறகே மிகுதி. 18 என்ற இரண்டு எண்களே நமக்குப் போதும்: தாள் வார்க்கப்பட்டது 1800இலோ அதற்குப் பிறகோ. நீர்க்குறி ஒரு கீழ் வரம்பை மட்டும் உறுதிப்படுத்தும். தகடு எவ்வளவு உழைத்தது என்பதை அறிய அச்சின் தேய்மானத்தைப் பார்த்தேன். முகங்களின் மென்மையான புள்ளிகள் பல இடங்களில் வெளிறியிருந்தன. காரன்வாலிசின் கன்னத்தில் மட்டும் பிறகு கரடாகக் குத்திய புதிய புள்ளிகள் இருந்தன, தகட்டைப் பழுது பார்த்ததன் அடையாளமாக. ஆழமற்ற புள்ளிகளே முதலில் தேயும். ஆகவே தகடு அதற்கு முன் நிறைய உழைத்திருக்கிறது.

இந்த இடத்தில் பின்பலகைச் சீட்டை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1799இல் திப்பு வீழ்ந்த செய்தி லண்டனை எட்டியதும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காகப் பெரிய சந்தை எழுந்தது. ராபர்ட் கெர் போர்ட்டர் 1800இல் லைசியம் அரங்கில் ஏறத்தாழ 120 அடி நீளத்தில் கோட்டைத் தாக்குதலைத் துணியில் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். மக்கள் கட்டணம் கொடுத்துத் திரண்டார்கள். அந்தத் துணி இன்று இல்லை. வென்ட்ராமினி மூன்று தாள்களாகச் செதுக்கிய அச்சுதான் அதன் உருவத்தை நமக்குத் தருகிறது. அப்படிப்பட்ட பருவத்தில் ஏழெட்டு ஆண்டு பழைய தகடு ஒன்று மறுபடி அச்சகம் ஏறியிருந்தால் அது இயல்பே. வாங்கியவர் 1799இன் வெற்றியை மனத்தில் வைத்தே வாங்கியிருக்கலாம். படத்தில் இருந்த சிறுவர்களை அந்த ஆண்டின் சிறுவர்களாகவே எண்ணியிருக்கலாம். இது ஊகம்தான், மெய்ப்பிக்க முடியாது. ஆயினும் சீட்டின் தாளும் மையும் பழையவை என்பதால், அந்தப் பிழை பிற்காலத்து வணிகர் செய்த குளறுபடி என்று முடிவு கட்டுவதைவிட, அச்சு தன் முதல் வாழ்க்கையில் எப்படிப் படிக்கப்பட்டது என்பதன் சுவடாக இருக்கக்கூடும் என்று கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. சீட்டைக் கிழித்து எறிய வேண்டாம் என்று உரிமையாளரிடம் வலியுறுத்திச் சொன்னேன்.

வண்ணம் பற்றிய கேள்வி சுருக்கமானது. மைசூர்த் தரப்பினர் ஒருவரின் பச்சை உடையில் தாளின் பழுப்புப் புள்ளிகள் வண்ணத்தின் அடியில் தெரிந்தன. அதாவது கறை முதலில் வந்தது, வண்ணம் பிறகு வந்தது. சிவப்பு மேலங்கிகளில் மட்டும் அச்சு மையே வண்ண மையாக இருந்தது, புள்ளிகளே சிவப்பாக. அது அச்சகத்து வண்ணம். ஆக இரண்டு காலத்து வண்ணங்கள் ஒரே தாளில் உள்ளன. அலங்காரக் கடைகளுக்காகப் பழைய அச்சுகளுக்கு வண்ணம் தீட்டுவது நெடுங்கால வழக்கம்; வண்ணம் உள்ளது என்பதற்காக ஒருவர் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை, இந்தச் சோதனையைச் செய்யாமல் நிச்சயமாகக் கொடுக்கக் கூடாது.

பாதுகாப்பும் பதிவும்

பின்பலகை சாதாரண மரம். அதன் அமிலம் தாளில் மரத்தின் ரேகைகளை அப்படியே பழுப்பாகப் பதித்திருந்தது. கறையை வெளுக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார், வேண்டாம் என்றேன். பிற்கால வண்ணம் நீரில் கரையும், வெளுப்பான் தாளின் இழையைத் தளர்த்தும், கிடைக்கும் அழகு அந்த இழப்புக்கு ஈடல்ல. செய்தது இவ்வளவே: தளர்ந்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்கி, அமிலம் இல்லாத பருத்தித் தாளட்டையில், ஜப்பானியத் தாள் பட்டையும் கோதுமை மாப்பசையும் கொண்டு மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும் தாங்கவிட்டு, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட்டது. ஒட்டு நாடா எந்த நிலையிலும் தாளுக்கு அருகே வரக் கூடாது. வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டாத சுவர் வேண்டும். ஆண்டு முழுவதும் மாட்டி வைக்காமல் சில மாதங்கள் இருட்டில் ஓய்வு கொடுப்பது நல்லது. ஈரக்காற்று வீசும் ஊர்களில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் ஒளியைவிடப் பெரிய பகைகள். வெளிச்சுவரில் மாட்டாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

இந்தியாவில் வைத்திருப்பவருக்கு ஒரு சட்டக் குறிப்பும் தேவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள் தொல்பொருள் ஆகும்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, அதை வாணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி உள்ளே கொண்டுவந்த அச்சைப் பிறகு வெளிநாட்டில் விற்றுக்கொள்ளலாம் என்ற நினைப்போடு யாரும் இதில் இறங்க வேண்டாம். வாங்கிய சான்றுகளையும் சுங்க ஆவணங்களையும் அச்சோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் இந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதில்தான் உரிமையாளருக்கும் எனக்கும் நீண்ட உரையாடல் நடந்தது. 1792ஆம் ஆண்டு அச்சு என்று எழுதினால் அது நிகழ்வின் ஆண்டு, அச்சின் ஆண்டு அல்ல. 1790களின் தகடு என்று எழுதினால் தாளின் வயது மறைந்துவிடும். கடைசியில் நான்கு ஆண்டுகளைத் தனித்தனியே எழுதினோம்: நிகழ்வு 1792 மார்ச், தகடு அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள், தாள் 1800 அல்லது அதன் பின், வண்ணம் இரு காலத்தது, இரண்டாவது காலம் தெரியாது. அதன் கீழே, தலைப்பும் வெளியீட்டு வரியும் வெட்டப்பட்டுவிட்டன என்றும், வரைந்தவரையும் செதுக்கியவரையும் முழுப் படிகளோடு ஒப்பிட்டு அறிந்தது என்றும், பின்பலகைச் சீட்டின் வாசகம் எழுத்துக்கு எழுத்து இன்னது என்றும் சேர்த்தோம்.

சிறுவர்களின் பெயர்களையும் பதிவில் முழுமையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். விற்பனைப் பட்டியல்களில் இந்த அச்சு எப்போதும் காரன்வாலிசின் பெயரால் வருகிறது. சிறுவர்கள் திப்புவின் மகன்கள் என்ற அளவோடு நிற்கிறார்கள். அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் சென்னைக் கோட்டையில் பணயமாக இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1794இல் தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்பினார்கள்; 1799க்குப் பிறகு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார்கள்; 1806 ஜூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் எழுந்த பிறகு திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. உரிமையாளர் இதையும் பதிவில் சேர்த்துக்கொண்டார். அடுத்து அவர் தேட முடிவு செய்திருப்பது இதே தகட்டின் ஓரம் குறையாத படி ஒன்றை. கிடைத்தால் வெளியீட்டு வரியைக் கொண்டு தகட்டின் நிலையை உறுதி செய்து, பதிவின் இரண்டாம் வரியைச் சரியான நாளோடு திருத்தலாம்.